கோலத்துக்காக நகர்ந்த கல்

எங்கள் பழைய டீசல் காருக்கு நானே ஆயில் மாற்றுவேன். கோச்சடையில் எங்கள் வாசல் தெருப்பக்கம் சரிவு. கை பிரேக் சரியாகப் பிடிக்காததால், பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பேன். அது போதும் என்று அப்போதெல்லாம் கியரில்கூடப் போட்டதில்லை.

அன்று காலை, முன்சக்கரத்துக்குப் பின்னால் தலை வைத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். அதை அறியாத என் மனைவி, வாசல் தெளித்துக் கோலம் போடுவதற்காக அந்தக் கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டாள். வண்டி மெல்லப் பின்னோக்கித் தெருப்பக்கம் உருண்டது.

"மாப்ள, வண்டி நகருது! வெளிய வாங்க!" எதிர்வீட்டிலிருந்து அவளுடைய அண்ணன் கத்தினார். உருண்டு வெளியே வந்தேன். தலைமாட்டில் வைத்திருந்த டார்ச்லைட் சக்கரத்தில் நொறுங்கியது; வண்டி தெருவில் இறங்கி நின்றது.

"உள்ள இருக்கேன்னு ஒரு சத்தம் குடுத்தா என்னங்க?" என்று அழுதாள்.

இப்போது கோலம் போட்ட பிறகே வேலையைத் தொடங்குகிறேன். கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அடியில் புகுகிறேன். நான் வெளியே வரும்வரை அவள் வாசலை விட்டு நகர்வதில்லை.