எளாவூரில் நடந்ததை ஊத்துக்கோட்டையில் கேட்கலாமா?

கலிபோர்னியாவில் நெடுங்காலம் கார் ஓட்டியவனின் கால்கள், ஊருக்கு வந்ததும் முதலில் செய்யும் பிழை, காரின் இடப்பக்கக் கதவை நோக்கி நடப்பது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். கதவருகில் செய்தால் சிரிப்போடு போய்விடும். நான் அதைச் சாலையில் செய்தேன். எளாவூர் சோதனைச்சாவடிக்கு அருகில் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்து, பழக்கத்தால் வலப்பக்கம் திரும்பி, கொல்கத்தா நெடுஞ்சாலையின் லாரிகளுக்கு எதிரே போய் நின்றேன். போலீசார் தந்த தாள் என்னைப் பொன்னேரி நீதிமன்றத்துக்கு அழைத்தது. அழைத்த நாள், என் மனைவி தேவகிக்கு ஊத்துக்கோட்டையில் கருமாதி நடக்கவேண்டிய நாள். தன் தம்பி முரளியின் வீட்டுக்கு எனக்கு முன்னதாக வந்தவள், நான் வந்து சேர்வதற்குள் அங்கேயே காலமானாள்.

நான் பதறவில்லை. சட்டம் முறையாகக் கேட்பவனுக்கு வழிவிடும் என்பது என் அனுபவம். முன்பொருமுறை பாலைவனச் சிற்றூர் ஒன்றில் வேகமாக ஓட்டியதற்காக டிக்கெட் என்னும் அபராதச் சீட்டு வாங்கினேன். எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், விசாரணையை வேறொரு நீதிமன்றத்துக்கு மாற்றும்படி கேட்கலாம். கடிதம் எழுதினேன், வழக்கு வீட்டருகே வந்தது. தேவகிக்கு அது ஒப்பவில்லை. "தப்ப அங்க பண்ணிக்கினு பதில இங்க சொல்லப் போறீங்களா? நல்லாகீது உங்க நாயம்!" என்றாள்.

அந்த நம்பிக்கையுடனேயே பொன்னேரிக்குப் போனேன். தேர்வாய் கண்டிகையில் ஆலை வேலைக்குப் போகும் முரளி, விடுப்பெடுத்து உடன் வந்தான். என் மனுவை நீதிமன்ற அலுவலகத்துப் பெண்மணி முழுவதும் படித்தார்.

"ஊத்துக்கோட்டைக்கு மாத்தணுமா? இன்னா சார், நாஷ்டா கடையா, ஊட்டுக்குக் கிட்டக்க பாத்துப் போறதுக்கு?"

"அமெரிக்காவில் இதற்கு இடமுண்டு, அம்மா."

"அங்க இருக்கும் சார். எளாவூர்ல நடந்தத இந்தக் கோர்ட்டுதான் கேக்கும்."

முரளி பொறுக்கவில்லை. "மேடம், அன்னிக்கு எங்க அக்காவுக்குக் காரியம். மாமா இல்லாம இன்னா பண்றது?"

அவர் மனுவை மீண்டும் புரட்டினார். "மூணு பக்கம் எழுதிக்கினு வந்துகீறாரு. அதுல இத ஒரு வரி எழுதக் கூடாதா?" பிறகு குரலைத் தணித்தார். "தப்ப ஒத்துக்கிறீங்கன்னா இன்னிக்கே ஐயா முன்னால நில்லுங்க, கேட்டுப் பாக்கறேன். இடத்த மாத்த முடியாது சார். நாள மாத்தலாம்."

மதியத்துக்குள் அழைத்தார்கள். ஒத்துக்கொண்டேன். அபராதத்தோடு முடிந்தது. நடந்த இடத்திலேயே பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, அதைத் தேவகியிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது.

கார் வேப்பமர நிழலில் நின்றது. நான் இடப்பக்கக் கதவைத் திறந்தேன்.

"அந்தாண்ட, மாமா. நீங்கதான ஓட்டிக்கினு வந்தீங்க?" என்றான் முரளி.

நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவன் சாவியை வாங்கிக்கொண்டு சுற்றிப் போனான். அந்த நாட்டில் அது என் இருக்கை. இந்த நாட்டுக்கு வரும்போதெல்லாம் தேவகியின் இருக்கை. பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். ஊத்துக்கோட்டை வரும்வரை என் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது.