தப்பாகக் கேட்ட கேள்வி

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில் உள்ள ஒரு மருந்துக்கடையில் யோகலட்சுமி ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். பார்மசி படித்தவள். கடை முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி படித்தது பத்தாம் வகுப்பு. ஆனாலும் அவள் எடுத்துக் கொடுத்த மாத்திரையை ஆட்கள் அண்ணாச்சியிடம் காட்டி, "இது சரிதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் பைக்குள் போடுவார்கள்.

அதற்கு அவளும் ஒரு காரணம். எதைச் சொன்னாலும் கடைசியில், "எனக்குச் சரியாத் தெரியல, அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்று சேர்த்துவிடுவாள். நன்றாகத் தெரிந்த விஷயத்துக்கும் அப்படித்தான். கரிவலம்வந்தநல்லூரில் அவள் வளர்ந்த வீட்டில், வாயைத் திறந்தாலே அப்பா, "ஒனக்கு என்னட்டி தெரியும்?" என்பார். கோபமாகக்கூடச் சொன்னதில்லை, பேச்சுவாக்கில் சொல்வார். அது அவளுக்குள் அப்படியே தங்கிவிட்டது.

போன ஐப்பசியில், மழை பெய்த ஒரு காலையில், ஆமினாள் என்ற பெண் காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். சீட்டில் காய்ச்சல் சிரப் எழுதியிருந்தது.

"பிள்ளை எத்தனை கிலோக்கா?"

"பத்து இருக்கும்."

யோகலட்சுமி மனதுக்குள் கணக்குப் போட்டாள். சீட்டில் இருந்த பவரில் அத்தனை மில்லி கொடுத்தால், பத்து கிலோ பிள்ளைக்கு அது இரண்டு மடங்கு மருந்து. அண்ணாச்சியிடம் மெல்லச் சொன்னாள்.

"டாக்டரம்மா எழுதுனதுல நாம என்னத்தச் சொல்ல? குடுத்தனுப்பு" என்றார் அவர்.

குழந்தை கண்ணைத் திறக்கவே இல்லை. யோகலட்சுமி டாக்டருக்குப் போன் போட்டாள். இந்த அளவு கூடுதல் இல்லையா என்று கேட்டாள்.

"நான் எழுதினது குறைஞ்ச பவர்மா. சீட்டை ஒழுங்காப் பாரு" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனை வைத்துவிட்டார்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மழையில் மை கலைந்த எண்ணை அவள்தான் தப்பாகப் படித்திருந்தாள். கடையில் நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது. சரியான மருந்தைக் கொடுத்து அனுப்பினாள். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

சாயங்கால பஸ்ஸில், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ராஜேஸ்வரி எப்போதும்போல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "இனிமே வாயே தொறக்க மாட்டேன்ட்டி. வேலைய விட்டுரலாம்னு இருக்கு."

ராஜேஸ்வரி அவள் பக்கம் திரும்பினாள். "நீ போன் போடலன்னா எந்தப் பாட்டில எடுத்துக் குடுத்திருப்ப?"

யோகலட்சுமி காலையில் தான் படித்த எண்ணை நினைத்துப் பார்த்தாள். கூடுதல் பவர் உள்ளதைத்தான் கொடுத்திருப்பாள்.

அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்டது தப்பான கேள்வி. ஆனால் அதைக் கேட்டதால்தான் அந்தப் பிள்ளைக்குச் சரியான மருந்து போயிற்று. தப்பே செய்யாதவளாக இருந்தால்தான் பேசலாம் என்று இத்தனை வருடம் அவளாகவே நினைத்திருந்தாள். ராஜேஸ்வரி இதே காரியத்தைச் செய்திருந்தால், யோகலட்சுமி அவளிடம், "நல்ல வேளை, கேட்டியே" என்றுதானே சொல்லியிருப்பாள்? அதைத் தனக்குச் சொல்லிக்கொள்ள மட்டும் ஏன் வரவில்லை?

மறுநாள் ஒருவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "நான் பார்த்துத்தான் குடுத்திருக்கேன். சந்தேகம்னா என்கிட்டயே கேளுங்க, சொல்லுதேன்" என்றாள். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி தன் வேலையைப் பார்த்தார். மருந்து வாங்க வந்தவர் அவளிடமே கேட்டார், அவள் சொன்னாள்.

பிறகு இரண்டு தடவை டாக்டர்களுக்குப் போன் போட்டாள். ஒரு தடவை மருந்தை மாற்றச் சொன்னார்கள். இன்னொரு தடவை அவள் சந்தேகம் வீண். அன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் பசித்தது, சாப்பிட்டாள்.

"எனக்குச் சரியாத் தெரியல" என்ற பழைய பேச்சு இன்னும் சில நாள் நாக்கு நுனி வரை வருகிறது. வந்தால் அதற்குப் பதில், "இருங்க, பார்த்துச் சொல்லுதேன்" என்கிறாள்.

போன மாதம், இந்த ஆறு வருடத்தில் முதல் தடவையாகத் தனக்கென்று, அண்ணாச்சியிடம், "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு வேணும்" என்று கேட்டாள்.

"வீட்ல எதும் விசேஷமா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஓய்வு வேணும்."

அவர் சரி என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பத்து மணி வரை தூங்கினாள்.