தணிக்கைக்கு வந்த ஜெபம்

காலை ஐந்து மணி இருபது நிமிஷம். கண்ணைத் திறந்ததும் முதலில் தெரிந்தவை மூன்று கால்விரல்கள்.

மொட்டைமாடிக் கதவின் அடிப்பலகை மழையில் உளுத்துப்போயிருந்தது. தரைக்கும் கதவுக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. அதில், படிக்கட்டுப் பக்கத்திலிருந்து, அந்த மூன்று விரல்களும் அசையாமல் இருந்தன. பெருவிரலில் நகம் பாதிதான் இருந்தது. டிராமில் ஏறும்போது நசுங்கிய விரல் அது. யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் ஈரத்தரையில் இரண்டு புரூப் காகிதங்களை விரித்து முழங்காலில் நின்றுகொண்டிருந்தேன். சத்தமில்லாமல் ஆமென் சொல்லி, வேண்டுமென்றே மெதுவாகக் காகிதங்களை மடித்து, கதவைத் திறந்தபோது படிக்கட்டில் ஒருவருமில்லை.

பவானிபூரில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடியில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். மூவருக்கும் திருநெல்வேலிச் சீமை. மூத்தவர் கணக்குத் தணிக்கை ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக இருந்தவர். அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். இரண்டாமவர் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். விரல்கள் அவருடையவை. நான் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து கூட்டிவந்திருந்த தவசிப்பிள்ளை ஒருவர் எங்களுக்குச் சைவச் சமையல் செய்துபோட்டார்.

அங்கே சேரும்போது ஊரைக் கேட்டார்கள், சாதியைக் கேட்டார்கள். இரண்டையும் உண்மையாகவே சொன்னேன். என் தகப்பனார் காலத்தில் எங்கள் குடும்பம் கிறிஸ்து மார்க்கத்தில் சேர்ந்ததை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குடும்பத்தில் என்னைக் கூப்பிட்டது என் பாட்டனாரின் சைவப் பெயரால்தான்; அங்கேயும் அதையே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாலை கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகும்போது மைதானத்துப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன் என்பேன். மற்ற இடங்களில் எனக்குக் கிடைக்கக்கூடியது கடுகெண்ணெயும் மீன் வாசனையும். அந்த வீட்டை இழந்தால் கல்கத்தாவில் எனக்கு வேறு வீடு இல்லை. என் மௌனத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

காலமும் சரியில்லை. வங்காளத்தை இரண்டாகப் பிரித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வெடிகுண்டுச் செய்திகளை நானே வாரத்துக்கு இரண்டு முறை திருத்தினேன். ரகசியப் போலீஸ்காரனை வங்காளிகள் டிக்டிகி, அதாவது பல்லி, என்பார்கள். எந்தச் சுவரில் எந்தப் பல்லி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தங்கள் வீட்டில் ஒரு சந்தேகத்துக்குரிய ஆள் அகப்பட்டால் சர்க்கார் உத்தியோகம் போய்விடும் என்று அண்ணாச்சி அடிக்கடி சொல்வார். சொல்லும்போது என்னைப் பார்க்கமாட்டார்.

இனி ஜெபம். ஹவுராவில் ரயிலைவிட்டு இறங்கி எட்டு மாதமான பிறகுதான், நான் தனியாக ஒருமுறைகூட ஜெபம் செய்யவில்லை என்பது எனக்கு உறைத்தது. ஊரில் அது குடும்பத்தோடு நடந்தது. நான் நடத்தியது அல்ல. படுக்கையில் முயன்றேன், தூங்கிப்போனேன். டிராமில் முயன்றேன், பக்கத்தில் இருந்தவரின் பத்திரிகையில் எழுத்துப்பிழை தேடினேன். மனது வரும்போது செய்யலாம் என்றிருந்தால் மனது வருவதில்லை என்று கண்டுகொண்டேன். ஆகவே ஓர் இடமும் ஒரு நேரமும் குறித்தேன். இடம் மொட்டைமாடி. நேரம் ஐந்து பத்து. தவசிப்பிள்ளை அடுப்பு மூட்டுவது ஐந்தரைக்கு.

முதல் வாரம் முழங்கால் வலித்தது. இரண்டாம் வாரம், முந்தின நாள் விட்ட பிழைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கீழே தெருவுக்குத் தண்ணீர் அடிக்கிறவர்களின் தோல்குழாய்ச் சத்தம் ஆரம்பித்தால் அதையே கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். தினம் வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் ஒரு வசனம். அன்றைக்கு ஜெபிக்க வேண்டிய ஓர் ஆள். இரண்டையும் ஒரு சின்ன நோட்டில் குறித்தேன். தேதி, வசனத்துக்கு எண், ஆளுக்கு முதலெழுத்து, ஜெபம் முடிந்ததற்கு ஒரு கோடு. வரிசை நீள நீள விட மனம் வரவில்லை. நான் ஜெபத்துக்காக மாடி ஏறுகிறேனா, கோட்டுக்காக ஏறுகிறேனா என்ற சந்தேகம் எனக்கே இருந்தது.

கால்விரல்களைப் பார்த்தது ஒரு புதன்கிழமை. அன்று மாலை பெட்டியைத் திறந்தேன். நோட்டு இருந்தது. ஆனால் வேஷ்டிக்கு மேலே இருந்தது. நான் வைத்தது வேஷ்டிக்கு அடியில். வியாழன் காலையில், நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமை, கீழ்மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் படியில் நிறுத்தி, "மதராஜி பாபு, மொட்டைமாடியில் காலையில் என்ன செய்கிறீர்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். காற்று வாங்குகிறேன் என்றேன். மூன்று பேரில் யார் பெட்டியைத் திறந்தது, யார் வீட்டுக்காரரிடம் சொன்னது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தவசிப்பிள்ளை உட்பட எல்லோரையும் சந்தேகித்தேன். சனிக்கிழமை நோட்டு பெட்டியிலேயே இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அண்ணாச்சி என்னை முன்னறைக்குக் கூப்பிட்டார். நோட்டு அவர் மடியில் இருந்தது.

"கதவைச் சாத்தும்வே," என்றார் தந்தி இலாகாக்காரரிடம். பிறகு என்னிடம், "உம்ம பெட்டியில இருந்துதான் எடுத்தோம். அதுக்கு வருத்தப்படணும்னா பெறகு படுதேன். மொதல்ல இது என்னன்னு சொல்லும்."

"நாலு நாளா மண்டையை ஒடைச்சுக்கிட்டேன் அண்ணாச்சி," என்றார் தந்தி இலாகாக்காரர். "எங்க ஆபீஸ்ல இருக்க எந்தச் சங்கேதத்துக்கும் இது ஒத்து வரல. ஒரு நாள் 'மாட்டுத் தொழுவம்'னு வந்துது. அதுக்கு மேல நகரமாட்டேங்கு."

"நீரு சும்மா இரும்வே." அண்ணாச்சி ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இருபத்தேழு, ஒண்ணு. எதிர என் பேரோட எழுத்து. இது யாருக்குப் போற ரிப்போர்ட்டு? மறைக்காமச் சொல்லிட்டா இன்னைக்கே பெட்டியைத் தூக்கிட்டுப் போயிரலாம். மறைச்சா, வேற மாதிரி ஆயிரும்."

"ரிப்போர்ட்டு இல்ல அண்ணாச்சி. ஜெபம்."

"என்னது?"

"நான் வேதக்காரன்."

சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

தந்தி இலாகாக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊரைக் கேட்டோம், ஆளைக் கேட்டோம், வேதத்தைக் கேக்காம விட்டுட்டோமே!"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "வேதக்காரன்னா தொரைமாருக்கு வேண்டியவன். தொரைமாருக்கு வேண்டியவன் கையில ஒரு நோட்டு. நோட்டுல என் பேரு. குண்டு போடுதவனா இருந்தாக்கூட ஒரு விதத்துல நல்லது போலிருக்கேவே!"

உண்மையைச் சொன்னால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பத்திரிகையில் வேலை பார்க்கிறவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

"புஸ்தகத்தை எடுத்துட்டு வாரும்," என்றார். "ஒவ்வொண்ணாப் பாப்போம். ஒத்துப்போச்சுன்னா இரும். ஒண்ணு ஒத்துப்போகலன்னாலும் இந்த வீட்டுல இடமில்ல."

பெட்டியின் அடியிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்துவந்தேன். நோட்டில் எழுபத்தொரு பதிவுகள். அண்ணாச்சி காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். அவர் எண்ணைச் சொல்ல, நான் பக்கத்தைத் திருப்பி வசனத்தை வாசிக்க வேண்டும். அவர் எட்டிப் பார்த்து எண்ணைச் சரிபார்த்து ஒரு டிக் போடுவார். புத்தகத்தைத் தொடவில்லை. ஆபீஸில் பணப்பெட்டிக் கணக்குப் பார்ப்பது இப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்: ஆள் வாசிக்க வேண்டும், அதிகாரி பார்க்க வேண்டும்.

அவருடைய எழுத்து வந்த இடத்தில் நிறுத்தினார். "அன்னைக்கு என்னை எதுக்குச் சேர்த்தீரு?"

"உங்களுக்குக் காய்ச்சல் வந்துதுல்லா, ஆடியில."

கண்ணை மூடி யோசித்தார். "ரெண்டு நாள் லீவு போட்டேன். தேதி சரிதான்." டிக்.

முப்பதாவது பதிவுக்குத் தந்தி இலாகாக்காரர் பாயில் சாய்ந்துவிட்டார். நாற்பதுக்குமேல் ஒரு வசனத்தை அண்ணாச்சி, "இன்னொருக்க வாசியும்," என்றார். வாசித்தேன். டிக் போட்டார். மணி பத்தரை.

"நூத்திப்பத்தொம்பது, நூத்தியெம்பது."

பக்கங்களைத் திருப்பினேன். இன்னொரு முறை திருப்பினேன்.

"என்னவே?"

"இல்ல அண்ணாச்சி."

"என்னது இல்ல?"

"அந்த வசனம் இல்ல. நூத்தியெழுபத்தாறோட முடிஞ்சிருது."

தந்தி இலாகாக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "நான் சொன்னேம்லா அண்ணாச்சி! நான் அப்பமே சொன்னேம்லா!"

கைப்பிழை என்று சொல்லியிருக்கலாம். பிழை திருத்துகிறவன் பிழை செய்தான் என்றால் நம்பியிருப்பார்கள். நாக்கில் அந்தச் சொல் தயாராக இருந்தது.

"அன்னைக்கு நான் ஜெபம் பண்ணல," என்றேன். "மழை. தூங்கிட்டேன். ஆபீஸ்ல போய் உக்காந்து, வாயில வந்த நம்பரை எழுதிட்டேன். பெரிய சங்கீதம், எந்த நம்பரும் இருக்கும்னு நெனச்சேன்."

"யாரு கேட்டா? யாருக்குக் காட்ட எழுதுனீரு?"

"யாருக்கும் இல்ல. வரிசை அந்துபோகக் கூடாதுன்னு."

"சாமிகிட்டச் சொல்லுத கணக்குலயே பொய்க்கணக்கா?"

"ஆமா."

அண்ணாச்சி நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த எண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டார். மீதிப் பதிவுகளையும் விடவில்லை. எல்லாம் முடியப் பதினொன்றேகால் ஆனது.

"இருபத்திரெண்டு வருஷமாப் பாக்கேன்வே," என்றார் தந்தி இலாகாக்காரரிடம். "வேவு பாக்கவன் எழுதுனா அது சுத்தமா இருக்கும். மாட்டிக்கிட்டா காட்டுததுக்குன்னே சுத்தமா எழுதியிருப்பான். இது சோம்பேறி எழுதுன கணக்கு. போலீஸ்காரன் எழுதுனது இல்ல."

"அப்ப சந்தேகம் தீந்துதா அண்ணாச்சி?"

"ஒரு சந்தேகம் தீந்துது. இவரு போலீஸ் இல்ல. இன்னொண்ணு பாக்கி."

"அது என்ன?"

"ஜெபம் பண்ணுதாரா இல்லையாங்கது." நோட்டை என்னிடம் நீட்டினார். "இரும்வே. வீட்டுக்காரன் கேட்டா நான் பேசிக்கிடுதேன்."

பெட்டியைத் திறந்ததற்கு வருத்தம் யாரும் தெரிவிக்கவில்லை. நான் மறைத்ததற்கு நானும் தெரிவிக்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னது யார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பன்னிரண்டரைக்குத் தவசிப்பிள்ளை இலை போட்டார். அறைக்குள் இரண்டு இலைகள், வராந்தாவில் ஒன்று. யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. நான் வராந்தாவில் உட்கார்ந்தேன். குழம்பு வழக்கம்போல் நன்றாக இருந்தது. "என்னவே, காத்து நல்லா வருதா?" என்று தந்தி இலாகாக்காரர் உள்ளேயிருந்து கேட்டார். வருகிறது என்றேன். அதற்குப் பிறகு என் இலை அறைக்குள் விழவேயில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்து பத்துக்கு மாடி ஏறினேன். படிக்கட்டின் உச்சியில் அண்ணாச்சி செம்பும் பல்பொடியுமாக உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்கு முன் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. வழிவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். அன்று மனது எங்கும் போகவில்லை. அது கடவுளுக்காகவா, கதவுக்கு அந்தப்பக்கம் இருந்தவருக்காகவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நோட்டில் எண்ணை எழுதும்முன் வசனம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் நான் இன்னும் இரண்டு வருஷமும் நான்கு மாதமும் இருந்தேன். அண்ணாச்சி தினமும் ஐந்து மணிக்கு எழுந்தார்.