ஏற்றக் குரல்

என் மகளுக்கு ஐந்து வயதில் அம்மை கண்டது. எங்கள் வடகரப்பதிப் பக்கத்தில் அம்மை இறங்கும் வரை அந்த வீட்டில் தினமும் சாயங்காலம் அம்மன் பாட்டுப் பாட வேண்டும். தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது; நிறுத்தினால் ஆத்தா கோபித்துக்கொண்டு பிள்ளையையும் கூட்டிப் போய்விடுவாள் என்று நம்பினோம். வழக்கமாகப் பாடும் பண்டாரமும் அம்மை கண்டு படுத்துவிட்டார். வேப்பிலை செருகிய வாசலுக்குள் வேறு யாரும் வரமாட்டார்கள். நானே பாட வேண்டியதாயிற்று.

முதல் நாள், ஆத்தாளுக்குக் கேட்க வேண்டுமே என்று கழுத்தை நீட்டி உச்சத்தில் பிடித்தேன். நாலாவது அடியில் குரல் பிளந்தது. எச்சிலில் ரத்தம் கோடாக வந்தது. எப்படியோ முனகி முடித்தேன். மறுநாள் காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. நான் பாட்டைக் கெடுத்ததால்தான் என்று நினைத்தேன்.

என் மனைவி கேட்டாள். “ஏனுங்க, ஏத்தம் எறைக்கிறப்ப பொழுதுக்கும் பாடறீங்களே, அன்னிக்கெல்லாம் தொண்ட கட்டுச்சுங்களா?”

“அது மாட்டுக்குப் பாடறது. இது ஆத்தாளுக்கு.”

“மாட்டுக்கு நல்லாப் பாடிப்போட்டு, ஆத்தாளுக்குக் கழுத்தத் திருகுன கோழியாட்டம் கத்துனா எப்படிங்க?”

யோசித்துப் பார்த்தேன். கிணற்றிலிருந்து தண்ணீர்ப் பறியை வடக்கயிற்றால் இழுத்தபடி மாடுகள் சரிவில் இறங்கும்போது நான் அந்த வடத்தின் மேல் உட்கார்ந்துவிடுவேன். தோள் தொங்கிவிடும், தாடை தளர்ந்துவிடும். பாட்டை அடிவயிறுதான் தாங்கும். மாடு பின்னுக்கு ஏறும்போது மூச்சு தானாக வந்து வயிற்றில் நிறையும். தொண்டைக்கு அங்கே வேலையே இல்லை.

தோட்டத்துக் குரலில் ஆத்தாளைப் பாடுவது அபசாரமோ என்று பயந்தேன். ஆனால் வேறு குரல் என்னிடம் இல்லை. அன்று சாயங்காலம் பாயருகே உட்கார்ந்து, கண்ணை மூடி, வடத்தின் மேல் உட்கார்ந்து சரிவில் இறங்குவதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். குரல் பிளக்கவில்லை.

பாதிப் பாட்டில் மகளின் முனகல் நின்றது.

என் மனைவி பிள்ளைமேல் குனிந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. பாட்டை முடித்தால் பிள்ளைக்கு என்னவென்று கேட்க வேண்டிவரும். கடைசி அடி வந்ததும் மூச்சை நிறைத்து மறுபடி முதலிலிருந்து எடுத்தேன்.

“போதுமுங்க. புள்ள தூங்கிடுச்சு.”

நான் நம்பவில்லை, பாடிக்கொண்டே இருந்தேன். அவள் என் கையைப் பிடித்திழுத்து மகளின் வயிற்றின்மேல் வைத்தாள். அது ஏறி இறங்கியது. பாடியபடியே அந்த அடியை முடித்து, ஆத்தாளைக் கும்பிட்டு நிறுத்தினேன். கையை மட்டும் எடுக்கவில்லை.