ஏழு சுண்ணாம்புப் புள்ளிகள்

என் சைக்கிளின் பின் மட்கார்டு பாறையில் தடதடக்கும் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சைக்கிள் என்னுடையது, ஓட்டியவன் பெரியப்பா மகன். திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போய்வர அப்பா எனக்கு வாங்கித் தந்ததை, ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் எடுத்துக்கொள்வான். எங்கள் ஊருக்குப் பின்னால், மயிலம் போகும் பக்கம் கிடக்கிற குன்றின் முதுகில் ஆடு போகிற மாதிரி ஒரு வழி உண்டு. பெயருக்குத்தான் வழி, எல்லாம் பாறையும் பிளவும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தரம்கூடக் கால் ஊன்றாமல் ஓட்டிவிடுவான்.

அப்பாவும் அண்ணனும் அந்தக் குன்றின் மறுபக்கத்துக் குவாரியில் வேலை செய்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "குவாரிப் பக்கம் வந்த, கால ஒடைச்சிடுவேன்" என்று அப்பா என்னை அங்கே அண்டவிட்டதே இல்லை. பரீட்சையில் தேறியதைச் சொன்னால், "செரி, போயி சாப்புடு" என்பார். அதே மனிதர், அண்ணன் முகட்டில் தெரிந்ததும் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பார். "இன்னாமா ஓட்டிக்கினு போறான் பாரு!" என்று என் தோளைப் பிடித்தே உலுக்குவார். அந்த விசில், ஒரே ஒரு தரம், எனக்கு வேண்டியிருந்தது.

தனியாகப் போய் ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் நாலாவது பாறையில் கால் ஊன்றினேன். முட்டி சிராய்ந்ததுதான் மிச்சம். எதையும் மனப்பாடம் செய்தே பழகிய புத்தி எனக்கு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அண்ணன் ஹேண்டிலைத் திருப்பும் ஏழு இடங்களைத் தேடிப் பிடித்து, சுண்ணாம்பால் பெரிய பெரிய புள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கல்லூரியிலிருந்து திரும்பும்போதே குன்று வேறு மாதிரி தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினேன். நாலாவது, ஐந்தாவது பாறைகளைக் காணோம்; மற்ற புள்ளிகளில் இன்னும் குழி போடவில்லை. வெடித்த பள்ளத்தின் அருகே அப்பாவும் அண்ணனும் நின்றிருந்தார்கள்.

"மேஸ்திரி இன்னிக்கு வெளியூரு," என்றார் அப்பா. "சுண்ணாம்பு இருக்கவே, அவருதான் குறிச்சிட்டுப் போயிருக்காருன்னு குழி போட்டு வெடி வெச்சிட்டோம்."

சுண்ணாம்புப் புள்ளி இருந்தால் அங்கே வெடி. எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரிந்தது, அண்டாமல் வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

"நாலாவது கல்லுல குழி நான் போட்டதுதான் தம்பி," என்றான் அண்ணன். "கையே வரல. பேஜாரு புடிச்ச மேஸ்திரி, அவருக்கு வேற கல்லே கெடைக்கல பாரு."

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இனி அவனாலும் ஓட்ட முடியாது என்ற சந்தோஷம் உள்ளே எட்டிப் பார்த்தது. மூடிக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. அண்ணன் பள்ளத்தை இரண்டு சுற்றுச் சுற்றினான். சில கற்களைக் காலால் தள்ளினான். என் கையிலிருந்து சைக்கிளை வாங்கி, பள்ளத்தின் விளிம்பையே வழியாக்கிக்கொண்டு மறு கோடிக்குப் போய்விட்டான். கால் ஊன்றவில்லை. அப்பா அன்று அடித்த விசிலைப் போல அதற்கு முன் அடித்ததில்லை.

இப்போது விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் அப்பா என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுகிறார். இருந்தும் அண்ணன் வீட்டுக்கு வந்தால் எனக்கு இன்னும் முகம் மாறிவிடுகிறது. புள்ளி வைத்தது யாரென்று இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

அன்று ஓட்டி முடித்துத் திரும்பியவன், சைக்கிளை என் பக்கம் சாய்த்தான். "இந்தா, நீ ஓட்டு. நான் முன்னால நடக்கறேன், எங் காலப் பாத்துக்கினே வா."

அப்பா இரண்டு விரலையும் வாயருகே கொண்டுபோய்க் காத்திருந்தார்.

"செயின் லூசா இருக்குண்ணா," என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். செயின் இறுக்கமாகத்தான் இருந்தது.