கார்ப்பரேட்டர் முன்னால் ஒரு மந்திரி

கேசட்டில் ஜனங்கள் சிரிக்கும் இடம் வந்ததும் முழங்கையால் பட்டனை அழுத்தி நிறுத்திவிடுவேன். கையெல்லாம் கறுப்பு மாவு, வேறு வழியில்லை. தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் ஊதுபத்தி உருட்டும் கொட்டகை ஒன்றில் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்தோம். தமிழ்க்காரிகள் நான்கு பேர், மற்றவர்கள் கன்னடம். லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் சேலம் போய்வரும்போதெல்லாம் பழைய நாடக கேசட்டுகள் வாங்கி வருவார். எல்லாம் இருபது வருஷத்துக்கு முந்தைய அரசியல் கேலி. சிலவற்றில் நாடகமே கிடையாது, ஒரே ஆள் மைக் முன்னால் நின்று ஒரு மணி நேரம் பேசுவார். காவிரித் தகராறு நடந்த வருஷத்திலிருந்து தெருவில் தமிழை மெதுவாகப் பேசிப் பழகியிருந்தோம். கொட்டகைக்குள் மட்டும் டேப் ரெக்கார்டரின் சத்தத்தை யாரும் குறைக்கச் சொன்னதில்லை.

நாங்கள் நான்கு பேர் சிரித்தால் மற்ற எட்டுப் பேருக்கும் பொறுக்காது. "ஏன் சிரிக்கறீங்க? ஹேளக்கா, ஹேளு!" என்று சொல்லச் சொல்லிப் பிடுங்குவார்கள். நான் உருட்டிக்கொண்டே கன்னடத்தில் சொல்வேன். சொல்லி முடித்ததும் பட்டனை விடுவேன். அந்தக் காலத்து ஜனங்களும் எங்கள் எட்டுப் பேரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அந்தக் கேலிக்கு ஆளான தலைவர்கள் யார், எந்தக் கட்சி, ஒன்றும் தெரியாது. ஆனால் நூறு தடவை கேட்டதில் ஒன்று பிடிபட்டது. அந்தக் கலைஞர்கள் யாரையும் திட்டவே மாட்டார்கள். தாங்களே மந்திரியாகிவிடுவார்கள். தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளும் மந்திரி, ஒவ்வொரு வார்த்தையிலும் தானாகவே மாட்டிக்கொள்வார். குரல் உயராது, மரியாதை குறையாது. கேட்கிறவன்தான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருப்பான். அவ்வளவு பெரிய ஆட்களைப் பற்றி அப்படிப் பேச எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நினைத்து ஆச்சரியப்படுவேன். எனக்கோ அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போகிற சுபாவம்.

எங்கள் தெருவில் குழாய் கிடையாது. பெரிய ரோட்டைத் தாண்டி அடுத்த தெருக் குழாயில் குடம் வைத்து, அந்தத் தெருக்காரர்களின் பேச்சையும் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். குழாய் போட்டுத் தருவதாக எங்கள் வார்டுக்கு ஜெயித்த கார்ப்பரேட்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷப் பிள்ளையார் விழாவுக்கு அவரே தலைமை. அவர் மனசு குளிர்ந்தால் குழாய் வரும், கோணினால் இன்னும் மூன்று வருஷம் என்று தெருவே பேசிக்கொண்டது.

விழாவுக்கு ஒரு ஹாஸ்யப் பேச்சாளரை அழைத்திருந்தார்கள். பிள்ளையார் சீசனில் அவருக்கு ஒரே நாளில் மூன்று மேடை. எங்கள் தெரு மூன்றாவது. சாயங்காலம் ஆறு மணிக்கு வர வேண்டியவர் ஏழாகியும் வரவில்லை. கார்ப்பரேட்டர் முன்வரிசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

கொட்டகையில் என் பக்கத்தில் உருட்டுகிற கன்னடக்காரி என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "நீ ஏறக்கா. தினம் எங்களுக்குச் சொல்றத அங்க சொல்லு."

"அவரு முன்னாடியா? மந்திரி கதையா? குழாய் போச்சுன்னா தெருவே என்னை உரிச்சிடும்."

"குழாய் எப்ப வந்துச்சு, போறதுக்கு?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "ஏங்க, வேணாம்னு சொல்லுங்க. கை நடுங்குது."

"மைக்கைக் கெட்டியாப் புடிச்சுக்கோ, நடுங்கறது தெரியாது" என்றார். அதற்குள் விழாக் கமிட்டிக்காரர், கால் மணி நேரம் சமாளித்தால் போதும் என்று கூப்பிட்டுவிட்டார்.

ஏறினேன். கொட்டகையில் ஒரு தடவைகூடச் சிரிப்பு வராமல் போகாத இடத்திலிருந்தே ஆரம்பித்தேன். மந்திரியின் குரலில், கன்னடத்தில்: "தாய்மார்களே! உங்க கஷ்டத்தைக் கண்ணால பார்க்கணும்னு நடந்தே வந்தேன்." பிறகு ஜனங்களின் குரலில்: "எங்கிருந்துங்க ஐயா?" மறுபடி மந்திரியாக, பெருமையோடு: "என் கார்லேர்ந்து!"

சொல்லிவிட்டு நிறுத்தினேன். கேசட்டில் அந்த இடத்தில் நீளமாகச் சிரிப்பு வரும், நானும் அவ்வளவு நேரம் நிறுத்தியே பழகியிருந்தேன். இங்கே ஒரு சத்தமும் இல்லை. முன்னூறு பேரும் கார்ப்பரேட்டரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்தால் சிரிக்கலாம் என்று. அவர் சிரிக்கவில்லை. சிரிப்பைச் சேர்த்து மனப்பாடம் செய்தவளுக்குச் சிரிப்பு வராவிட்டால் அடுத்த வரி எப்படி வரும்? எனக்கு ஒன்றும் வரவில்லை. குழாய் போயிற்று என்று நினைத்தேன். அடுத்த தெருக்காரிகளின் முகமெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, அதே கன்னடக்காரியின் குரல்: "சரி, காரை எங்க நிறுத்தினீங்க?"

இது கேசட்டில் இல்லை. பதிலும் கேசட்டில் இல்லை. ஆனால் மந்திரி என் வாயிலிருந்து இறங்கவில்லை. "எங்கம்மா நிறுத்துவேன்? உங்க தெருவுல குழாய் வரப்போற இடத்துலதான். மூணு வருஷமா காலியாத்தானே கிடக்குது!"

முதலில் ஒரு விசில். பிறகு பந்தலே இடிந்து விழுந்த மாதிரி ஒரு சிரிப்பு. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துச் சிரித்தார்கள். கொட்டகைப் பெண்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். நான் பேசாமல் காத்திருந்தேன். அந்தப் பெரிய கலைஞர்கள் அந்த இடைவெளியில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. எதிரே இருக்கிறவர்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். சிரிப்பு அடங்குகிற நேரம் பார்த்து அடுத்ததை விட்டேன். அதற்கும் அடுத்தது தானாக வந்தது. கால் மணி நேரம் போதும் என்றவர்கள் அரை மணி நேரம் என்னை இறங்க விடவில்லை.

இறங்கியபோது கார்ப்பரேட்டர் எழுந்து மைக்கை வாங்கினார். முகம் சிவந்திருந்தது.

"அம்மா," என்றார், "காரை எடுத்துடறேன். தீபாவளிக்கு முன்னாடி குழாய்." பிறகுதான் சிரித்தார். எல்லோருக்கும் முன்னால், மைக்கில், தேதி சொல்லி!

தீபாவளி வந்தது, குழாய் வரவில்லை. மறுநாள் காலையிலிருந்து எங்கள் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு அவர் வீட்டு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். சண்டை இல்லை, கோஷம் இல்லை. வாசலில் நின்று, மரியாதையாக, ஒரே ஒரு கேள்வி: "ஸார், காரை எடுத்தாச்சா?" நான்கு நாள் இப்படி. எதிர்வீட்டுக்காரர்கள் இதைக் கேட்பதற்காகவே காபியோடு வெளியே வந்து நின்றார்களாம். ஐந்தாம் நாள் கடப்பாரையோடு ஆட்கள் வந்து தெருவைத் தோண்டினார்கள்.

குழாய் திறந்த அன்று முதல் குடத்தை என்னை வைக்கச் சொன்னார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. இதுதான் வாழ்நாள் முழுக்க வருமோ என்று நான் பயந்தேன். ஐந்து நிமிஷத்தில் தெளிந்துவிட்டது. குடம் நிரம்பி, கழுத்து வழியாக வழிந்து, கால்களை நனைத்துக்கொண்டு தெருவில் ஓடியது. நான் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.