முதுகுக்கு இரண்டு அளவு

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். முதுகுத்தண்டைப் பற்றி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்று பாதிதான் புரிந்தது. இப்போதும் அப்படித்தான்.

எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. வீசிங் இருப்பதால் முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கலாம் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு முதல்நாள் மயக்க மருந்து டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். என் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். இடுப்பில் டேப்பைச் சுற்றியபோது வெட்கத்தில் வயிற்றை எக்கிவிட்டேன். “மூச்ச விடுங்கம்மா” என்று மறுபடியும் அளந்தார். பிறகு குனிந்து உட்காரச் சொல்லி, முதுகில் ஜெல் தடவி ஸ்கேன் பார்த்தார்.

துணைக்கு வந்திருந்த என் நாத்தனாருக்கு எதற்கும் சிரிப்புதான். “இன்னா அண்ணி, போர் போட பாயிண்ட் பாக்குற மாதிரி பாக்குறாங்க! தண்ணி எத்தினி அடியிலன்னு கேளு.”

டாக்டரும் சிரித்துவிட்டார். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே ஒரு சின்ன இடைவெளி உண்டாம். ஊசி அங்கேயே நிற்க வேண்டும், தாண்டக் கூடாது. அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? முதலில் எடுத்த அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு ஆறு சென்டிமீட்டர் என்றது. ஸ்கேன் ஐந்து என்றது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலின் தடிமன் பார்ப்பது என் வேலை. ஒரே இடத்தில் இரண்டு பேர் கேஜ் வைத்து, அளவு ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தோலை வெட்டுக்கு அனுப்ப மாட்டோம், ஒதுக்கிவிடுவோம். என்னையும் ஒதுக்கியாயிற்று என்று நினைத்துத் துணிகளைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

“எங்கம்மா கெளம்பிட்டீங்க?”

“அளவு ஒத்து வரலியே, மேடம்.”

“ரெண்டும் தோராயம்தாம்மா. ஊசி அந்த எடத்துக்குப் போனா அழுத்தம் சட்டுனு விட்டுடும். என் கைக்கே தெரியும்.”

“அப்ப எதுக்கு மேடம் அளந்தீங்க?” எனக்கே என் குரல் கேட்கவில்லை.

“சாதா ஊசி போதுமா, நீள ஊசி வேணுமான்னு பாக்கணுமில்ல? எங்கேர்ந்து உஷாரா போணும்னும் தெரியுமே.”

“கால் போய்டாதே டாக்டரம்மா?” என்றாள் நாத்தனார். “இவங்க நடக்கலன்னா நான்தான் தூக்கணும். வெயிட்டுதான் இப்ப பாத்தீங்களே!”

அப்படி ஆவது ரொம்ப அபூர்வம் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். எங்களுக்கு நூல் அளவு பிசகினாலே திட்டு விழும். இங்கே ஒரு சென்டிமீட்டரைத் தோராயம் என்கிறார்கள். ஐந்தை நம்புவதா, ஆறை நம்புவதா, அந்தப் பெண்ணின் கையை நம்புவதா? பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். நாத்தனார் பையிலிருந்த துணிகளைத் திரும்ப எடுத்து அடுக்கினாள்.

மறுநாள் காலையில் ஊசி போட்டார்கள். முதல் தடவை எலும்பில் இடித்தது, இரண்டாம் தடவை சரியாக இறங்கியது. ஆபரேஷன் முடிந்தது. சாயங்காலம் கால் விரல்களை அசைத்தேன்.